எச்சில் ஊறாத வாயும் மூன்று முறை வந்த பொன்னுக்கு வீங்கியும்

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு 46 வயது. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று வருடமாக வாய் காய்ந்தே கிடக்கிறது. நாலாவது பீரியடுக்கு மேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வராது. சப்பாத்தி, பொரி, பிஸ்கட் எதுவும் தண்ணீர் இல்லாமல் இறங்காது. சுகர் இல்லை, மூன்று தடவை பார்த்தாயிற்று. ஒன்றரை வருடத்தில் ஐந்து பல் அடைத்து, இரண்டுக்கு ரூட் கேனால் செய்தாயிற்று. ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று பல் டாக்டர் கோபித்துக்கொண்டார். எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதுதான் காரணம் என்கிறார் ஹெச்.எம். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் இதுவரை மூன்று தடவை வீங்கி வடிந்திருக்கிறது. மாமியார் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தன் செயினைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சொட்டு மருந்து விடுகிறேன். காலையில் விரலை மடக்க அரை மணி நேரமாகிறது. சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார்கள். எலும்பு டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனையில் ஏஎன்ஏ பாசிட்டிவ். தூக்கத்துக்கு ஒரு வருடமாக அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் போடுகிறேன். வாய் காயாமல் இருக்க உப்பு நெல்லிக்காயை வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன். இதெல்லாம் உடம்புச் சூடா? எச்சில் திரும்ப வருமா? பேசாமல் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்டிக்கொள்ளலாமா? கேன்சராக மாறும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், அவளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரேயையும் செல்போனில் எடுத்த படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் முன்பற்கள் நான்கின் நுனியிலும் பழுப்பாக ஒரு குழி இருக்கிறது. மற்ற பற்களில் ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில், அரைஞாண் கயிறு கட்டினது போல் சுற்றிலும் சொத்தை.

சாதாரணச் சொத்தை இப்படிப் போகாது. அது கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தில் பிடிக்கும், இரண்டு பல்லுக்கு நடுவே பிடிக்கும். கீழ் முன்பல்லைக் கடைசியில்தான் தொடும். ஏனென்றால் தாடைக்கடியிலும் நாக்குக்கடியிலும் இருக்கும் சுரப்பிகளின் வாசல் அதற்கு நேர் பின்னால்தான் திறக்கிறது. எந்நேரமும் எச்சில் தேங்கி நிற்கிற குளம் அது. குளமே வற்றினால்தான் அந்தக் கரையில் சொத்தை விழும். ஆகவே பல் தேய்ப்பதைப் பற்றி உங்களைத் திட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானே ஒருமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். பிராக்டீஸ் தொடங்கிய புதிதில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா வந்தார். நாலு பல் அடைத்தேன். கூடவே தேய்க்கும் முறையைப் பற்றி நீளமாகப் பிரசங்கமும் செய்தேன். எட்டு மாதம் கழித்து வந்தபோது நான் அடைத்த சிமெண்டைச் சுற்றிப் புதிதாகச் சொத்தை. எரிச்சலோடு கண்ணாடியை வாய்க்குள் விட்டேன். வெளியே எடுக்கும்போது அது கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, ஸ்டாம்பைப் பிய்ப்பது போலப் பிய்ந்து வந்தது. ஈரமான வாயில் கண்ணாடி வழுக்கும், ஒட்டாது. சும்மா பேச்சுக்கு, "வெங்காயம் உரிக்கிற வேலை வேறயாம்மா?" என்றேன். "எல்லாரும் அழுவாங்க சார், எனக்கு மட்டும் கண்ணுல தண்ணியே வர்றதில்ல" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவின் பல்லை மட்டும் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் விஷயத்திலும் அதேதான் நடந்திருக்கிறது. பல்லை ஒருவர் பார்த்தார், கண்ணை ஒருவர் பார்த்தார், விரலை இன்னொருவர் பார்த்தார். அவரவர் பங்குக்கு ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். காய்ந்த வாய், காய்ந்த கண், காலையில் இறுகும் விரல், வீங்கி வடியும் கன்னச் சுரப்பி, தன் உடம்பையே குறிவைக்கும் எதிர்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனையில் பாசிட்டிவ். இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் முதலில் மனதில் வரும் பெயர் ஷோக்ரன் நோய். கடிதத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் என் சந்தேகம் பலமானது.

ஷோக்ரன் என்பது ஒரு கண் டாக்டரின் பெயர். ஸ்வீடன்காரரான ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் கண் உலர்ந்த 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணோடு நிறுத்தாமல் வாயைப் பற்றியும் மூட்டைப் பற்றியும் அவர் கேட்டதால்தான் அது ஒரே நோய் என்று தெரியவந்தது. அந்த ஆய்வேட்டை அன்றைக்கு அவருடைய பல்கலைக்கழகம் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு கதை. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியிலிருந்து விலகியபோது காரணமாகச் சொன்னதும் இந்த நோயைத்தான். இது வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுகிறது. தனியாகவும் வரும். முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய்களோடு சேர்ந்தும் வரும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நம் வாயில் மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் என்று எங்கும் நூற்றுக்கணக்கில் சிறு சுரப்பிகளும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சிலைச் சுரக்கின்றன. கிருமியோடு சண்டை போடவேண்டிய நம் வெள்ளணுக்களே வழிதவறி இந்தச் சுரப்பிகளின் குழாய்களைச் சுற்றிக் கூட்டம் கூடுவதுதான் இந்த நோய். தன் உடம்பைத் தானே எதிரியாகப் பார்க்கிற நோய்களில் ஒன்று. கண்ணீர்ச் சுரப்பியிலும் இதே கூத்துதான். சுரப்பி முழுக்க அழிந்துபோவதால் மட்டும் வாய் காய்வதில்லை. பாதிக்கு மேல் நன்றாக இருக்கும் சுரப்பிகூட, நரம்பு சொல்வதைக் கேட்டுச் சுரக்க மறந்துவிடுகிறது. மருந்துக்குக் கொஞ்சம் இடம் இருப்பது இதனால்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் மிச்சமுள்ள ஒரு சதவீதம்தான் வாயைக் காப்பாற்றுகிறது. சாப்பிட்டதும் வாயில் கூடும் அமிலத்தை முறிப்பதும், பல்லிலிருந்து கரைந்துபோகும் கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டுவதும், பூஞ்சையை அடக்கி வைப்பதும், தோல் உராயாமல் வழவழப்பாக்குவதும் அதுதான். அதனால் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாலும் எச்சிலின் வேலை நடக்காது. ஒரேயடியாகக் குடித்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச வழவழப்பும் கழுவிப் போய்விடும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுவதுதான் மிச்சம். ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, விழுங்குங்கள். போதும்.

இப்போது நெல்லிக்காய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். புளிப்பு பட்டால் எச்சில் ஊறும் என்பது சரிதான். ஆனால் ஊற்று நன்றாக உள்ளவர்களுக்குத்தான் அது சரி. புளிப்பு ஊறவைத்த எச்சிலே வந்து அந்தப் புளிப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். உங்களுக்கு இரண்டு சொட்டு ஊறும், அமிலம் மட்டும் அங்கேயே நிற்கும். அமிலக் கணக்கில் பிஹெச் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் வெள்ளைப் பூச்சு கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் தெரிகிற இடத்துக்கு அவ்வளவு புளிப்புகூட வேண்டாம், 6-ஐ ஒட்டி வந்தாலே போதும். பீரியடுக்கு பீரியட் ஒரு நெல்லி என்றால் காலை ஒன்பதரை முதல் மாலை நாலு வரை உங்கள் பல் அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் இடது பக்கத்தைவிட வலது பக்கம் இரண்டு மடங்கு சேதம் தெரிகிறதே, அது ஏன் என்று கணக்கு டீச்சருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெல்லிக்காய் நல்ல பொருள்தான். சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், விழுங்குங்கள். கன்னத்தில் அடக்க வேண்டாம். எலுமிச்சைத் துண்டு, புளி மிட்டாய், கற்கண்டு, ஆரஞ்சு மிட்டாய், இருமல் மிட்டாய் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். நாளைக்கு நாலைந்து தடவை சர்க்கரை போட்ட காபி, டீயை உறிஞ்சிக்கொண்டே இருப்பதும் இதில் சேர்த்திதான். ஏதாவது மென்றே தீரவேண்டும் என்றால் சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிடால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம் மெல்லுங்கள். மெல்லும் அசைவே சுரப்பியைத் தட்டி எழுப்பும். வகுப்பில் டீச்சர் சூயிங்கம் மெல்வதா என்று கேட்பீர்கள். இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் மெல்லுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அந்தப் பாக்கெட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். சைலிடால் நாய்க்கு விஷம்.

ஹெச்.எம். சொன்ன ஃபுளோரைடுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை இருப்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் அது பல்லில் காட்டும் அடையாளம் வேறு. சின்ன வயதில், பல் தாடைக்குள் உருவாகிற காலத்தில் அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தவர்களுக்கு, முளைக்கும்போதே பல் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்புக் கோடாகவோ முளைக்கும். நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று கழுத்தில் சொத்தை விழுவது ஃபுளோரைடு செய்கிற வேலை இல்லை. உங்களுக்கு இப்போது தேவைப்படுவதே அந்த ஃபுளோரைடுதான். விழுங்க அல்ல, பல்லின் மேல் பூச. உங்கள் பக்கத்தில் பலர் ஃபுளோரைடு இல்லாத பேஸ்டைத் தேடி வாங்குகிறார்கள் என்பது தெரியும். குழந்தைகளுக்கு அந்த யோசனையில் நியாயம் இருக்கலாம். உங்களுக்கு வேண்டாம்.

பல் டாக்டரிடம் போய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். பசை மாதிரி இருக்கும், ஐந்து நிமிட வேலை. சாதாரண பேஸ்டில் ஃபுளோரைடு சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்கிறது என்றால் வார்னிஷில் 22,600. டாக்டர் சீட்டில் எழுதித் தரும் 5000 பிபிஎம் பேஸ்ட் கிடைத்தால் ராத்திரிக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் யாருக்குமே எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால் படுக்கும் முன் தேய்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம். தேய்த்த பிறகு துப்புங்கள், ஆனால் கொப்புளிக்காதீர்கள். நாலு சொம்புத் தண்ணீர் விட்டுக் காறிக் கொப்புளித்தால்தான் நமக்குப் பல் தேய்த்த திருப்தி; நீங்கள் அந்தத் திருப்தியைத் தியாகம் செய்துதான் ஆகவேண்டும். பேஸ்டின் மிச்சம் ராத்திரி முழுக்கப் பல்லில் கிடக்கட்டும். நல்லெண்ணெய் கொப்புளிப்பதைக் கேட்டு எழுதுபவர்கள் நிறைய. வாய் கொஞ்ச நேரம் வழவழப்பாக இருக்கும், கெடுதல் இல்லை. ஆனால் அது சுரப்பியை எழுப்பாது, ஃபுளோரைடின் வேலையையும் செய்யாது. ஆல்கஹால் கலந்த மவுத் வாஷைத் தொடவே தொடாதீர்கள், இன்னும் காயும்.

எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்டலாமா என்ற கேள்வியைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். கூடாது. கழற்றி மாட்டும் செட் ஈறில் நிற்பதே எச்சிலின் பசையால்தான். இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளுமே, அதே விஷயம். காய்ந்த வாயில் செட் நிற்காது, உராய்ந்து புண்ணாகும், அடியில் பூஞ்சை பிடிக்கும். பாடம் நடத்தும்போது கழன்று விழும் பயம் வேறு. உங்கள் வாயில் இன்னும் இருபதுக்கு மேல் நல்ல பல் இருக்கிறது. அவற்றைக் காப்பாற்றலாம்.

அடுத்தது பொன்னுக்கு வீங்கி. உங்கள் மாமியார் செயின் போட்டதில் தவறில்லை. தங்கம் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஆனால் அசல் பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது, பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான். நாற்பது வயதுக்கு மேல் மூன்று முறை வந்தால் அது வேறு ஏதோ. காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் கன்னச் சுரப்பி, உள்ளே வெள்ளணுக்கள் கூடும்போதும் எச்சில் கெட்டியாகிக் குழாயில் தேங்கும்போதும் இப்படி வீங்கும். அதன் குழாய் மேல்வாயில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தில் திறக்கிறது. நாக்கு நுனியால் தடவினால் ஒரு சின்ன மொட்டு தட்டுப்படும். அடுத்த தடவை வீங்கினால் வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து, காதடியிலிருந்து அந்த மொட்டை நோக்கி விரலால் மெதுவாக நீவிவிடுங்கள். காய்ச்சலோடு, சிவந்து, தொட்டாலே வலி, அந்த மொட்டிலிருந்து கசப்பாகச் சீழ் வருகிறது என்றால் கிருமி புகுந்துவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படும். சாப்பிட உட்காரும்போது மட்டும் ஒரு பக்கம் புடைத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது குழாயில் கல்லாக இருக்கலாம்.

கேன்சர் பற்றிய பயம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஷோக்ரன் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் வாழ்நாளில் எப்போதாவது நிணநீர்த் திசுவில் லிம்போமா என்ற கட்டி வரக்கூடும். பெரும்பாலும் மெதுவாக வளரும் வகை, வைத்தியம் உண்டு. மீதி 95 பேருக்கு வராது. வீங்கி வடிகிற சுரப்பியைவிட, வடியாமல் மாதக்கணக்கில் கெட்டியாக நிற்கும் சுரப்பிதான் கவலை தருவது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால். கெண்டைக்காலில் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், காரணமில்லாத காய்ச்சல், எடைக் குறைவு, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது, ரத்தத்தில் சி4 என்ற புரதம் குறைவது, இவற்றில் எது வந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தலை வாரும்போது கண்ணாடி முன் இரண்டு கன்னத்தையும் தடவிப் பாருங்கள். தினமும் தடவிக்கொண்டிருக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்தே வீங்கவைத்துவிடுவீர்கள்.

நோயை உறுதி செய்வது எப்படி? ஏஎன்ஏ பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது. எந்த நோயும் இல்லாத பலருக்கும் அது பாசிட்டிவாக வரும். அடுத்த படியாக ரோ, லா என்ற எதிர்பொருள்களைத் தேட வேண்டும். இரண்டும் அவை முதலில் காணப்பட்ட நோயாளிகளின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள். ரோ பாசிட்டிவ் என்றால் சந்தேகம் மிகவும் வலுக்கும். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கணிசமானவர்களுக்கு நெகட்டிவாகவே இருக்கும். அவர்களுக்கு உதட்டு பயாப்ஸி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கீழ் உதட்டின் உட்புறத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டர் கீறினால் உள்ளே ஊறின ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டிச் சுரப்பிகள் தெரியும். அவற்றில் நாலைந்தை எடுத்து, இரண்டு தையல் போட்டால் முடிந்தது. அரை மணி நேர வேலை. சிலருக்கு அந்த இடம் சில வாரங்கள் மதமதப்பாக இருக்கும், வெகு அரிதாக நிலைத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் 4 சதுர மில்லிமீட்டருக்குள் ஐம்பதுக்குக் குறையாத வெள்ளணுக்கள் சேர்ந்த கூட்டம் ஒன்றாவது தெரிந்தால் அது ஷோக்ரனுக்குப் பலமான சாட்சி. கண் டாக்டர் கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் சொருகிப் பார்ப்பார். 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் நனையவில்லை என்றால் கண்ணீர் குறைவு.

எச்சிலை அளப்பது இன்னும் எளிது, வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் தேய்க்காமல் இருங்கள். மெடிக்கலில் 2 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, ஒரு சின்ன டம்ளரை உதட்டடியில் பிடியுங்கள். விழுங்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், பேசாதீர்கள், நாக்கை ஆட்டாதீர்கள். தானாக வழிவது வழியட்டும். 5 நிமிடம் ஆனதும் வாயில் மிச்சம் இருப்பதையும் துப்பி, சிரிஞ்சில் உறிஞ்சி அளவைப் பாருங்கள். நுரையைச் சேர்க்கக் கூடாது. நல்ல வாயில் ஒன்றரை முதல் இரண்டு மில்லி வரை சேரும். அரை மில்லிக்கு மேல் தேறவில்லை என்றால் சுரப்பு உண்மையிலேயே குறைந்துவிட்டது என்று பொருள்.

அமிட்ரிப்டிலினை மறந்துவிடக் கூடாது. 10 மில்லிகிராம் குறைந்த அளவுதான், ஆனாலும் எச்சிலை வற்றவைப்பதில் பேர்போன மாத்திரை அது. சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய வகை மாத்திரைகள், சிறுநீர் அவசரத்துக்கான மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகளும் இதே காரியத்தைச் செய்யும். உங்கள் வறட்சி மூன்று வருடமாக, மாத்திரை ஒரு வருடமாக; ஆகவே அதை முதல் குற்றவாளியாக்க முடியாது. இருந்தாலும் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வாய் காய்வதைச் சொல்லி, மாற்று உண்டா என்று கேளுங்கள்.

உடம்புச் சூடா என்று கேட்டிருந்தீர்கள். சூடு என்று சொல்லி மோரும் வெந்தயமும் சாப்பிட்டுக்கொண்டே மூன்று வருடம் போய்விட்டது, அதுதான் எனக்கு வருத்தம். மோர் குடியுங்கள், ரசம் சாதம் சாப்பிடுங்கள். குழைவாகவும் ஈரமாகவும் இருப்பதால் இறங்கும். காரத்தைக் குறையுங்கள். வழவழப்பு போன தோலில் மிளகாய் நெருப்பாக எரியும். நாக்கு சிவந்து வழுக்கையாகி, கடைவாயோரம் வெடித்திருந்தால் அது பூஞ்சை. வெள்ளையாகப் படிந்தால்தான் பூஞ்சை என்று நினைக்காதீர்கள், காய்ந்த வாயில் சிவப்பாகவே வரும். குளோட்ரிமசோல் மருந்தை இரண்டு வாரம் தடவினால் அடங்கும்.

எச்சில் திரும்ப வருமா? பழைய அளவுக்கு வரும் என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். மிச்சமிருக்கும் சுரப்பியை வேலை வாங்க முடியும். பைலோகார்பின் என்று ஒரு மாத்திரை. பிரேசில் நாட்டுச் செடி ஒன்றின் இலையிலிருந்து வந்தது, அங்குள்ள பழங்குடியினர் அதை மென்றால் எச்சில் கொட்டும் என்று முன்பே அறிந்திருந்தார்கள். 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று நான்கு முறை. வியர்த்துக் கொட்டுவதுதான் தொல்லை. சித்திரை வெயிலில் இதைச் சாப்பிடுகிறவர்கள் என்னைத் திட்டாமல் இருந்ததில்லை. கட்டுப்படாத ஆஸ்துமா, கண்ணில் ஒருவகைக் கிளாக்கோமா, இதயக் கோளாறு இருந்தால் கூடாது, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். செயற்கை எச்சில் ஸ்பிரேயும் ஜெல்லும் உண்டு. படுக்கும் முன் ஜெல் தடவினால் ராத்திரி எழுவது குறையும். விரல் வலிக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் எழுதுவார்கள். மூட்டுக்கு நல்லது, ஆனால் அதனால் எச்சில் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். யாராவது ஸ்டீராய்டு கொடுத்து எச்சில் வரும் என்றால் நம்பவேண்டாம்.

மகளைப் பற்றி. இது ஒட்டுகிற நோய் இல்லை. ரத்த சொந்தத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரும்பாலான மகள்களுக்கு வருவதில்லை. ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம், மாப்பிள்ளை வீட்டாரிடம் விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒருவேளை பின்னால் அவளுக்கு மூட்டுவலி, உலர்ச்சி என்று வந்து ரோ பாசிட்டிவ் என்று தெரிந்தால் மட்டும், கர்ப்பமாகும்போது அதை மகப்பேறு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் குழந்தையின் இதயத்துடிப்பு மந்தப்படக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் ஸ்கேனில் கவனிப்பார்கள்.

இனி யாரிடம் போவது? ஒரு ருமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டுவாத நோய் நிபுணரிடம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். சென்னை வர முடிந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது பல் எக்ஸ்ரே, கண் சீட்டு, ஏஎன்ஏ ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வீங்கிய தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை வீங்கினால் முகத்தை நேராகப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் டாக்டர் முன் உட்காரும் நாளில் அது வடிந்துதான் இருக்கும். சர்க்கரையோடு ஹெபடைட்டிஸ் சி-யையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இதே வேஷம் போடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த 5 நிமிட அளவை எடுத்து எத்தனை மில்லி என்று எழுதுங்கள். நெல்லிக்காய் டப்பாவை ஸ்டாஃப் ரூமில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.